தென்கிழக்கு மூலைப் புகை

மொன்ட்ரியால் தீவுக்குள் இப்படியொன்றை வைக்க விடமாட்டார்கள். மகன் வீடு வாங்கியதோ தீவைத் தாண்டி ஐம்பது கிலோமீற்றர் தள்ளி. தீவுக்குள்ளே லாசாலில் பதினெட்டு வருடம் மூன்றாம் மாடியில் இருந்த என்னையும் மனைவியையும் அங்கே கூட்டிக்கொண்டு போனான். வீட்டைச் சூடாக்க முற்றத்தில் ஒரு விறகுக் கொதிகலன் வாங்கி வைத்தான். பார்த்தால் புகைபோக்கி முளைத்த தகரக் கொட்டில். உள்ளே விறகு எரியும். சுற்றியிருக்கும் தண்ணீர் சூடாகி, நிலத்துக்குக் கீழே புதைத்த குழாய் வழியாக வீட்டுக்குள் வரும். காலையில் பதினான்கு கட்டை, பின்னேரம் பதினான்கு கட்டை.

மகன் முதலில் அதற்குக் குறித்த இடம் பின்வேலியோரம். வீட்டிலிருந்து நூற்றறுபத்து மூன்று அடி. "நெருப்பெண்டால் அக்கினி மூலை. தென்கிழக்கிலதான் இருக்க வேணும்" என்று சொன்னது நான்தான், மறைக்கவில்லை. நான் சொன்னது காணியின் தென்கிழக்கு. அவன் எடுத்துக்கொண்டது வீட்டின் தென்கிழக்கு. கோயில் திருவிழாவென்று நான் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஐந்து நாள் நின்றுவிட்டுத் திரும்பியபோது கொதிகலனுக்குப் போட்ட சீமெந்துத் தளம் காய்ந்துவிட்டிருந்தது. எங்கள் படுக்கையறை யன்னலிலிருந்து பத்தொன்பது அடி!

வீடு போதுமான அளவு சூடானதும் அந்தச் சனியன் தன் காற்றுவழியை மூடிக்கொள்ளும். பிறகு விறகு எரியாது, புகையும். தடித்த புகை மேலே போகாமல் நிலத்தோடு தவழும். விற்றவனுக்கு இது தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனைவிக்குப் பன்னிரண்டு வருடமாக முட்டு வருத்தம், ஆஸ்துமா. டிசம்பரில் இருபத்திரண்டு நாள் புகை யன்னலுக்கு வந்தது, எழுதி வைத்திருக்கிறேன். நாளுக்கு இரண்டு தரம் மருந்து இழுத்தவள் ஏழு தரம் இழுத்தாள்.

"நிப்பாட்டு உந்தச் சனியனை" என்றேன் மகனிடம்.

"நிப்பாட்டினால் குழாய் உறைஞ்சு வெடிக்கும், அப்பா. வெளியில மைனஸ் இருபத்தாறு."

"கொம்மாவின்ர நெஞ்சு வெடிச்சால்?"

"மூலை சொன்னது நீங்கள்தானே!"

"மூலைதான் சொன்னனான். அவளின்ர தலைமாட்டில வை எண்டு சொன்னனானோ?"

கட்டிலில் நிமிர்ந்து இருந்தபடி மனைவி சொன்னாள்: "தேப்பனும் மகனும் அக்கினி மூலையில நிண்டு சண்டை பிடியுங்கோ. நான் வாயு மூலைக்குப் போறன். அங்கயாவது காத்து இருக்கும்."

வாயு மூலை என்று அவள் சொன்ன வடமேற்கில் இருந்தது சாமான் அறை. அரிசி மூட்டை ஆறு, பழைய கணினிப் பெட்டி நான்கு. அவற்றின் நடுவே கட்டிலைப் போட்டோம். புகை அங்கே குறைவுதான். ஆனாலும் மருந்து நான்கு தரத்துக்குக் கீழே இறங்கவில்லை. பெற்ற தாய் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மூச்சுக்கு அந்தரப்படுகிறாள், இரும்புப் பெட்டி அசையாமல் அதன் இடத்தில் நிற்கிறது. இடத்தை மாற்று என்று கேட்ட ஒவ்வொரு தரமும் மகன் "நிலம் இளகட்டும், பேந்து பாப்பம்" என்றான். மார்ச் முடிவதற்குள் ஒன்பது பாப்பம்.

ஏப்ரலில் நிலம் இளகியது. அவன் பார்க்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவன் முதலில் குறித்த பின்வேலிக்குப் போய், புதுக் குழாய்க்கு வாய்க்கால் வெட்டத் தொடங்கினேன்.

"எழுபத்தாறு வயசில இடுப்பை முறிக்கப் போறியளோ?" என்று மனைவி கதவடியில் நின்று கத்தினாள். கத்தியதும் இருமினாள். நான் நிறுத்தவில்லை.

மகன் வேலையால் வந்தபோது ஏழு அடி வெட்டியிருந்தேன். காரை விட்டு இறங்கி வந்து பள்ளத்தைப் பார்த்தான்.

"அப்பா, இது தென்கிழக்கில்லையே."

"தெரியும். மற்ற மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வா" என்றேன்.