நான் பிடுங்கிப் போட்ட இயர் பிளக்

பெற்ற மகளுக்குள் பிசாசு இருக்கிறது என்று நம்பி, அவளைப் பார்த்தே பயந்த பாவி நான். அதை மறைத்தால் இது பாதிச் சாட்சிதான்.

வடக்குப்பட்டில் இருக்கிறோம். மகள் எஸ்தருக்கு இருபத்திரண்டு வயது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் வேலை. மெஷின் சத்தத்துக்காக அங்கே எல்லாருக்கும் காதை அடைக்கிற இயர் பிளக் கொடுப்பார்கள். நன்றாகத்தான் வேலை செய்தாள். போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே பிளக் கிடையாது. பஸ்ஸர் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிடுவாள். திமிர் என்று சொல்லி சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஆலயத்திலும் அதே கதை. டிரம்ஸ் அடித்தால் எழுந்து ஓடுவாள். "துதி சத்தம் அதுக்கு ஆவாதும்மா, உள்ள இன்னாவோ கீது" என்றார்கள் சபையார். ஒரு ஞாயிறு அந்தப் பழைய பிளக்கை மாட்டிக்கொண்டு வந்தாள். "ஆண்டவர் வார்த்த கேக்கக் கூடாதுன்னு காத அடச்சிக்கினியாடி?" என்று பிடுங்கிப் போட்டேன். ஸ்பீக்கர் பக்கத்தில் அவள் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்து ஜெபித்தேன். அலறினாள். பிசாசுதான் அலறுகிறது என்று சந்தோஷப்பட்டேன். ஐயோ!

அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். அவளுக்குச் சோறும் இறங்கவில்லை. பிள்ளை கைவிட்டுப் போய்விடுவாளோ என்று நடுங்கினேன். "உள்ளே இருப்பது என்னவென்று காட்டும் ஆண்டவரே" என்று உபவாசம் இருந்து அழுதேன்.

மூன்றாம் நாள், அவள் காதைப் பொத்தி உட்கார்ந்ததைப் பார்த்திருந்த கம்பெனி நர்ஸ் வீடு தேடி வந்தார். "சைக்காலஜிஸ்ட்கிட்ட ஒருவாட்டி காட்டுக்கா" என்றார். "எம் பொண்ணு இன்னா பைத்தியமா?" என்று அவர்மேல் பாய்ந்தேன். ஆனாலும் அவள் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்து மனசு கேட்காமல் போனோம்.

அந்த மேடம் மூன்று தடவை வரச்சொல்லி அவளிடம் பொறுமையாகப் பேசினார், எழுத வைத்தார். அவளுடைய சின்ன வயதைப் பற்றி என்னிடம் கேட்டார். கடைசியில் ஆட்டிசம் என்றார். "பொறவியே இப்படித்தாம்மா. திமிரும் இல்ல, பேயும் இல்ல. நமக்கு வெறும் சத்தம், இவங்களுக்கு அது வலி."

நான் இறுக்கிப் பிடித்த கைகள் ஞாபகம் வந்தன. அங்கேயே விழுந்து அழுதேன். நான் கேட்ட ஜெபத்துக்கு அதுதான் பதில்.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு கம்பெனியில் மறுபடி பிரஸ் ஷாப்பில் எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் மட்டும் என்னிடம் பேச்சில்லை. மாதக்கணக்காக.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓடுகிற பிள்ளை இருந்தால் ஜெபியுங்கள், கையை மட்டும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். காட்ட வேண்டியவரிடம் காட்டுங்கள். அங்கேயும் ஆண்டவர் கூடவே வருவார்.

போன ஞாயிறு ஆலய வாசலில் புது இயர் பிளக்கை நானே நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "புடுங்க மாட்டியே?" என்றாள்.

ஸ்தோத்திரம் என்று மெதுவாகத்தான் சொன்னேன். சத்தமாகச் சொன்னால் அவளுக்கு வலிக்குமே.