உமிக் குழாயில் கட்டிய பழம்புடவை

குழாய் வழியாகப் போகும் எதையும் நான் நம்புவதில்லை. கூட்டேரிப்பட்டுப் பக்கம் பாலம் கட்டுகிறார்கள். நேற்று ஒரு லாரி வந்து நின்று, குழாயை மாட்டி, சிமெண்டைக் காற்றாலேயே ஊதி இரும்புத் தொட்டிக்குள் ஏற்றியது. எல்லாரும் ஆவென்று பார்த்தார்கள். நானோ, பாதி எங்கே போகிறதென்று குழாயைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"உனக்கு வேற வேலையே இல்லியாப்பா?" என்று மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

அவனுக்கென்ன தெரியும்? யுத்த காலத்தில் திண்டிவனத்து அரிசி மில்லில் நான் நெல் கொட்டும் பையன். அரைத்த அரிசி முன்னால் கூடையில் விழும். உமியை விசிறி ஊதி, தகரக் குழாய் வழியாகப் பின்னறைக்குத் தள்ளும். காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகட்டை முதலாளி தவிர யாரும் தொடக்கூடாது. உமி அறைக்கு எப்போதும் பூட்டு. உமிக்கு எதற்கய்யா பூட்டு? கேட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்.

ஒருநாள், அஞ்சலை என்ற கூலிக்காரி அறுப்புக்கூலியாகக் கிடைத்த நெல்லைச் சுமந்து வந்தாள். மழைக்காலம் முழுக்க அவள் பிள்ளைகளுக்கு அதுதான் கஞ்சி. போன தடவை அரிசி குறைந்ததென்று அவளுக்குச் சந்தேகம். அன்று செங்கல் சூளைக்கு உமி ஏற்ற அறை திறந்திருந்தது. நெல்லை என்னிடம் விட்டுவிட்டு உள்ளே புகுந்தவள், குழாயின் வாயில் பழம்புடவையைக் கட்டிவிட்டாள்!

புடவை பூசணிக்காய் மாதிரி உப்பியது. குழாய் அடைத்து, உமி திரும்பி வந்து மில்லெல்லாம் பறந்தது.

"யார்டீ இந்த வேல பண்ணது?" முதலாளி குதித்தார்.

"நான்தான் சாமி."

புடவையை அவிழ்த்து, வாசலிலேயே முறத்தில் கொட்டிப் புடைத்தாள். உமிக்குள் இருந்தது நொய்கூட இல்லை, முழு முழு அரிசி. சனம் கூடிவிட்டது.

"காத்து கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார் முதலாளி.

"பண்ணக்காரங்க நெல்லுக்கு ஆவாத காத்து, எங்க கூலி நெல்லுக்கு மட்டும் எப்பிடி சாமி ஜாஸ்தியாவுது?"

அட, இவளல்லவா பொம்பளை!

அன்று அந்த அரிசியையும் அள்ளிக்கொண்டு போனாள். அடுத்த அறுப்புக்கு வந்தபோது, "ஒன் நெல்ல இங்க அரைக்கறதில்ல, போ" என்று துரத்திவிட்டார் முதலாளி. வேறெந்த மில்லும் அவளைச் சேர்க்கவில்லை. பகலெல்லாம் வயல்வேலை, வீடு திரும்பினால் உரல். குத்திக் குத்திக் கை காய்த்துப்போனது.

மில் போய், அங்கே இப்போது கல்யாண மண்டபம். அஞ்சலையின் கேள்வியைக் காதால் கேட்டவர்களில் நான் ஒருத்தன்தான் பாக்கி. அந்த மண்டபத்துப் பந்தியில் பாதிச் சோற்றை இலையோடு மடித்து எறிகிறார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமென்றாலும், மொய் வைத்துவிட்டுக் கை நனைக்காமல் வந்துவிடுகிறேன்.