குயிக் லஞ்சும் கூடுதல் ரசமும்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வாத்தியார் வேலை என்பது, நம் வயிறு கத்துகிற நேரத்தில் அடுத்தவர் வாயைத் திறக்க வைக்கிற வேலை. மதிய வகுப்பெடுத்து நொந்துபோன சக ஜீவன்களுக்கு இது புரியும். சிவகாசியில் என் வகுப்பு நடப்பதே கம்பெனிகளின் சாப்பாட்டு இடைவேளையில்தான். போதாக்குறைக்கு என் குரல் முன்பெஞ்சைத் தாண்டாது.

அந்த முன்பெஞ்சில் மகேஸ்வரி அக்கா. பக்கத்து எம். புதுப்பட்டிக்காரர், காலண்டர் கம்பெனியில் பைண்டிங் வேலை. சீசன் முடிந்தால் அந்த வேலையும் முடியும். பிறகு பழையபடி பட்டாசு ஷெட்டுதான். அதே கம்பெனியில் ஆர்டர் பிடிக்கிற நாற்காலி ஒன்று காலி. வெளியூர்ப் பார்ட்டிகள் மதியம்தான் வந்து இறங்குவார்களாம். "சாப்பாட்டுப் பேச்சை மட்டும் சொல்லிக் குடுங்க சார், போதும்" என்றார். ஆரம்பித்தேன்.

ஸ்கிப் லஞ்ச்

'ஐ ஸ்கிப்ட் லஞ்ச் டுடே' என்று போர்டில் எழுதி, மதியச் சாப்பாட்டை வேண்டுமென்றே விட்டுவிடுவது என்று விளக்கிவிட்டுத் திரும்பினால், வகுப்பில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. டப்பாக்கள் திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. புளிசாதம், கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை எல்லாம் என் மேஜைக்கு வந்துவிட்டன. அது வெறும் உதாரணம்தான் என்று நான் சொன்னது, வழக்கம்போல, யாருக்கும் கேட்கவில்லை.

லாரி புக்கிங் ஆபீஸ் கருப்பசாமி அண்ணன் முட்டையை என் பக்கம் தள்ளினார். "கூச்சப்படாமச் சாப்பிடுங்க சார். பசிச்சா வாயத் தொறந்து கேக்காம, அத எதுக்குப் போர்டுல எழுதிப் போடுதீக?"

வொர்க்கிங் லஞ்ச்

வேலையையும் விடாமல் சாப்பிடுவது என்றேன். பெரிய அதிகாரிகள் இப்படித்தான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன். மகேஸ்வரி அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பட்டாசு ஷெட்டில் வெடிமருந்து தொட்ட கையோடு யாரும் சோற்றைத் தொடமாட்டார்கள். வெளியே வந்து, சோப்புப் போட்டு, முழங்கை வரை தேய்த்துக் கழுவினால்தான் தூக்குவாளி மூடியே திறக்கும்.

"பெரிய அதிகாரியா இருந்தா என்ன? மொதல்ல அவுகளக் கையக் கழுவிட்டு வரச் சொல்லுங்க சார்!"

லெட்ஸ் ஹேவ் லஞ்ச் சம்டைம்

மும்பைப் பார்ட்டி ஒருவர் போனை வைக்கும்போது கருப்பசாமி அண்ணனிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார். அண்ணன் உடனே திருப்பிக் கூப்பிட்டு, எந்தத் தேதி, எத்தனை பேர், ஆடா கோழியா என்று விசாரித்திருக்கிறார். அந்தப் பக்கம் லைன் கட்டாகிவிட்டது.

அது சும்மா மரியாதைக்குச் சொல்வது, யாரும் வரமாட்டார்கள் என்று மெல்ல எடுத்துச் சொன்னேன். அண்ணன் திறந்த டப்பாவை மூடி வைத்தார். "ஏ, சோத்துலயுமாய்யா பொய் சொல்லுவாக?"

குயிக் லஞ்ச்

இண்டர்வியூ அன்று முதலாளி அக்காவிடம் கேள்வியே கேட்கவில்லை. வந்திருந்த டெல்லிப் பார்ட்டியைக் காட்டி, "சாப்பிட வச்சு ஆர்டர வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். பார்ட்டி முதலிலேயே, 'ஜஸ்ட் எ குயிக் லஞ்ச்' என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மதுரையில் விமானம் காத்திருக்கிறது.

அக்காவுக்கு அர்த்தம் நன்றாகவே தெரியும். ஆனால் இலை போட்டு உட்காரவைத்த மனுசனைச் சாம்பாரோடு எழுப்பிவிடக் கை வரவில்லை. 'ஹேவ் ரசம் சார்', 'ஹேவ் மோர்' என்று நின்றபடியே ஊற்றியிருக்கிறார். பார்ட்டி இலையை மறைத்துக் கை நீட்டினால், கை எடுக்கும்வரை கரண்டியோடு காத்திருந்திருக்கிறார். இரண்டாவது பாயசத்தில் பெல்ட் தளர்ந்தது. காலண்டர் மாதிரிகளை அப்போதுதான் அக்கா விரித்தாராம். விமானம் போய்விட்டது, ஆர்டர் வந்துவிட்டது.

ஆர்டரில் கையெழுத்தைப் பார்த்துவிட்டு முதலாளி சொன்னது: "ஒன் இங்கிலீசு சுமாருதாம்மா. ஆனா அந்தாள எந்திரிக்கவும் விடல, மாட்டேன்னு சொல்லவும் விடல. திங்கக்கெழம வந்து சேந்துக்கோ."

மதியச் சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்ல இங்கிலீஷில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. போதும் என்று கை நீட்டியவருக்கு மேலும் ஒரு கரண்டி ஊற்றுவதற்கு மட்டும் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.