கூட வாசிக்கக் கூடாத பாட்டு

எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ன் கிளேட்டனில் நாங்கள் இருந்த பிளாட்டுக்குக் கீழ்வீட்டில் அயர்லாந்துத் தச்சர் ஒருவர் குடியிருந்தார். சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவருடைய குசினியில், சமையல் மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடி பிடிலும் புல்லாங்குழலும் வாசிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் பாட்டுக் கச்சேரிகளுக்கு வயலின் வாசித்துவிட்டு வந்தவள் நான். இங்கே வந்து இரண்டு வருடமாகப் பெட்டியைத் திறக்கவில்லை. கேட்க ஆளில்லை, பேசவும் ஆளில்லை. கீழே சத்தம் கேட்டால் வயிறு எரியும்.

ஒரு சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

"அங்கை போய் எங்கடை மானத்தை வாங்காதையும்," என்றார் கணவர்.

"வாங்கினால் வாங்கினதுதான். போட்டு வாறன்."

தரையில் சப்பணம் கட்டி இருந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசித்த என்னை அவர்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். ஆனால் இடம் விட்டார்கள். அவர்களும் புத்தகம் பார்ப்பதில்லை, காதால் கேட்டே பிடிப்பார்கள். அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தச்சர் ஒவ்வொன்றுக்கும் தங்கள் ஐரிஷ் பாஷைச் சொல்லைச் சொல்லித் தருவார். இசை என்றால் கியோல். துள்ளலான மெட்டு போர்ட். பழைய முறையில் தனியே பாடுவது ஷான் நோஸ். நன்றாக வாசித்தால் "மா ஹூ" என்பார்கள், நாங்கள் "பேஷ்" போடுகிற மாதிரி. எல்லாவற்றையும் சமையல் கொப்பியின் பின்பக்கத்தில் தமிழில் எழுதி வைத்தேன். எனக்கு முதல் "மா ஹூ" விழுந்த அன்று, அதே நினைப்பில் பருப்பைக் கருக விட்டேன்.

மூன்றாம் மாதம், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்யும் ஓர் அயர்லாந்து அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். யாரோ "கியூனஸ்" என்றார். அமைதி என்று அர்த்தம். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினார். என்ன குரல் அது! என் கை தானாக வில்லை எடுத்தது. எங்கள் ஊரில் பாடுகிறவர் போகும் வழியெல்லாம் வயலின் பின்னாலே போக வேண்டும். சும்மா இருந்தால் அது அவருக்கு அவமரியாதை. இரண்டாம் வரியிலேயே மெட்டைப் பிடித்துவிட்டேன். நன்றாகத்தான் வாசித்தேன், அதையும் சொல்ல வேண்டும்.

அவர் பாட்டை நிறுத்தினார். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஷான் நோஸில் எந்த வாத்தியமும் சேரக் கூடாது என்று தச்சர் அப்போதுதான் சொன்னார். அது அந்த அம்மாவின் செத்துப்போன தங்கை பாடும் பாட்டாம். கப்பலேறி வந்த பிறகு இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பாடினாராம்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை சொல் சொல்லித் தந்த மனுசன் இதைச் சொல்லாமல் விட்டாரே! பிறகு வெட்கம். அந்தக் குசினியில் இனி எனக்கு இடமில்லை என்று நினைத்தபோது, ஊரைவிட்டு வந்த அன்றுகூட அழாத அழுகை அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை நான் கீழே போகவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அந்த அம்மா நிற்கிறார்.

"பிடில் வேண்டாம். நீங்கள் மட்டும் வாங்கோ," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

கீழே தன் பக்கத்துக் கதிரையில் என்னை இருத்தி, வலது கையை நீட்டினார். நான் விழித்தேன். அவர்கள் ஊரில், பாடுகிறவரின் கையை யாராவது ஒருவர் பிடித்திருப்பது வழக்கமாம். தச்சர் விளங்கப்படுத்தினார்.

"ஏன் நான்?" என்று கேட்டேன்.

"போன கிழமை, நான் எங்கை போறன் எண்டு இரண்டாம் வரியிலேயே உங்களுக்குத் தெரிஞ்சது," என்றார் அந்த அம்மா. "என்ரை தங்கைச்சிக்குப் பிறகு அது வேற ஒருத்தருக்கும் தெரியேல்லை."

பாடினார். பிடித்த கைகள் இரண்டும் மெட்டோடு மெதுவாகச் சுழன்றன. சில இடங்களில் அவர் விரல்கள் இறுகின. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

பாட்டு முடிந்த பிறகும் அவர் கையை விடவில்லை. நானும் விடவில்லை.