பீரங்கி ஏற்றிய பலகை

சோழவந்தான் பக்கம் வைகை மணலில் என் லாரி புதைந்து நிற்கிறது. பாலம் வரை சுற்ற வேண்டாம், ஆற்றில் இறக்கு என்று டிரைவரிடம் சொன்னது நான்தான். அணையில் தண்ணீர் திறந்தாச்சு என்று கரையில் கத்துகிறார்கள். லாரி நிறைய வெங்காயம். கிளீனராக வந்து மூன்று லாரிக்கு முதலாளியானவன் நான். நானே இறங்கிக் கையால் மணலைத் தோண்டுகிறேன்.

அந்த நேரம் கரையில் பழைய பட்டாள லாரி ஒன்று வந்து நிற்கிறது. மதுரையில் மரக்கடை வைத்திருக்கும் பாய் இறங்குகிறார். உலகச் சண்டையில் டாங்கியை அடிக்கும் பீரங்கியைச் சுமக்க மாற்றிக் கட்டிய வண்டி அது. பீரங்கியை உருட்டி ஏற்றிய இரண்டு இரும்புப் பலகைகள் இன்னும் பக்கவாட்டில் தொங்குகின்றன. பாய் அவற்றைக் கழற்றி என் பின்சக்கரங்களுக்கு முன்னால் சொருகுகிறார்.

“மூட்டைய எறக்கிரவா பாய்?”

“எதுக்குண்ணே? பீரங்கியத் தாங்குனது, ஒங்க வெங்காயத்துக்கா வளையப் போகுது?”

தன் வண்டியின் பின்கொக்கியில் சங்கிலியை மாட்டி என் லாரியை இழுக்கிறார். அது உறுமிக்கொண்டு பலகை மேல் ஏறி, கரைக்கு வந்துவிடுகிறது. திரும்பிப் பார்ப்பதற்குள் ஆறு முழுக்கச் செந்தண்ணீர்.

“பாய், பலகை ரெண்டும் உள்ள போச்சே.”

“போகட்டும்ணே. பீரங்கியே இல்ல, பலகைய வச்சு என்ன செய்ய?”

மரம் ஏற்ற அவருக்கு அந்தப் பலகைதான் என்பது எனக்குத் தெரியாதா? நான் யாருக்கும் சும்மா கும்பிடு போடுகிற ஆள் இல்லை. என் கிளீனரை விலகச் சொல்லிவிட்டு, இந்த வயதில் நானே ஒரு மூட்டையைத் தோளில் தூக்கிப் போய் அவர் வண்டியில் வைக்கிறேன்.