அப்பாவின் இலையில் பாஸ்டர்

ஒட்டுசுட்டானுக்கு எங்கள் பாஸ்டர் வந்து சேர்ந்தபோது அப்பா செத்து ஐந்து வருடம். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் வயல், யானை, வைரவர் கோயில். இயேசுவைப் பற்றி அவரிடம் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

நானும் அம்மாவும் சபைக்குப் போகத் தொடங்கினோம். நான் ஞானஸ்நானம் எடுத்தேன். அம்மா மட்டும் ஒரே பிடியாக நின்றார்.

"செத்துப்போன என்ர மனிசன் எங்க இருக்கிறார் எண்டு முதல்ல சொல்லுங்கோ. அவர் இல்லாத மோட்சம் எனக்கு வேண்டாம்."

பாஸ்டர் பாவம், இளந்தாரி. "கேள்விப்படாத ஆக்களை அவையின்ர மனச்சாட்சியை வைச்சுத்தான் ஆண்டவர் பாப்பார் அம்மா."

அம்மாவின் முகம் கறுத்தது. "மனச்சாட்சியோ? பக்கத்து வயல் தண்ணியை எங்கட பக்கம் திருப்பின மனிசன் அவர்."

அடுத்த கிழமை, "ஆண்டவர் நீதியானவர், அவரிட்ட விடுவம்" என்றார் பாஸ்டர்.

"காணி அலுவலுக்குப் போனா கச்சேரியிலயும் இப்பிடித்தான் சொல்லுறவங்கள். அவருக்காக ஒருக்கா ஜெபிச்சு விடுங்கோவன்."

செத்தவர்களுக்காக ஜெபிப்பது சபையில் வழக்கமில்லை என்று பாஸ்டர் கையை விரித்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

அப்பாவின் ஆண்டுத் திவசம் வந்தது. அவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவது எங்கள் வழக்கம். செத்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடுவாராம். கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அவித்த முட்டை, இலையோரம் ஒரு கட்டு பீடி. முட்டை உரித்தது ஞானஸ்நானம் எடுத்த நான்தான். பாஸ்டரிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் நின்றோம். சிறிது நேரத்தில் வீட்டுக்குள் இலை வழிக்கும் சத்தம் கேட்டது. அம்மா என் கையை இறுகப் பிடித்தார்.

"வந்திட்டார்!"

பிறகு வயிறு நிறைந்த பெரிய ஏவறை. அதற்குப் பிறகு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

அம்மாவின் கண் விரிந்தது. "பிள்ளை, அவர் இரட்சிக்கப்பட்டிட்டார்!"

ஓடிப்போய்க் கதவைத் திறந்தோம். வெறும் இலைக்கு முன்னால் சம்மணம் கட்டி பாஸ்டர். ஒருநாள் சாப்பிட வாருங்கள் என்று நான் எப்போதோ சொல்லி வைத்திருந்தேன். வந்தவர், ஆளில்லாத வீட்டில் இலை தயாராக இருப்பதைப் பார்த்து, நாங்கள் கூச்சத்தில் ஒளிந்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறார்.

"எல்லாம் நல்ல ருசி அம்மா. பீடிதான்... நான் பாவிக்கிறேல்லை."

அம்மா விஷயத்தைச் சொன்னார். படையலைத் தொடக்கூடாது என்று போன ஞாயிறுதான் ஒரு மணித்தியாலம் பிரசங்கித்தவர். முகம் வெளிறிப் போனது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினேன்.

அம்மா சிரிக்கவில்லை. "அவற்ற சாப்பாட்டைச் சாப்பிட்டிட்டியள். இனி அவருக்காக ஒரு வார்த்தை கேக்கத்தானே வேணும்."

கை கழுவாமலே பாஸ்டர் முழங்காலில் நின்றார். "ஆண்டவரே, இந்த மனிசனை எனக்குத் தெரியாது. இவற்ற வீட்டில வயிறு நிறையச் சாப்பிட்டிட்டன். இவரைப் பசியோட விட்டிடாதேயும்."

அடுத்த ஞாயிறு அம்மா குளத்தில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தார்.

இந்த வருடம் அம்மா படைக்கவில்லை. அதே நாளில் அதே கறிகளைச் சமைத்துப் பாஸ்டரைச் சாப்பிடக் கூப்பிட்டார். பழக்கதோஷத்தில் இலையோரம் ஒரு கட்டு பீடி இருந்தது. பாஸ்டர் அதைப் பார்த்தார். எழுந்து குசினிக்குள் போய், அடுப்படி நெருப்புப்பெட்டியை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தார்.