ஈயம் கடித்த வாய்

பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு ஏன் இன்று வரை வரவில்லை என்பதற்கு அறுபத்து மூன்றாம் வயதில் ஒரு காரணம் கிடைத்தது. பாளையங்கோட்டையில் ஒரு குழந்தை மருத்துவர் சொன்னார். நியாயமாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காரணம் அச்சாகியிருந்தது என் பேரனின் இரத்தப் பரிசோதனைத் தாளில்.

நான் ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார். படிப்பு ஏறாத பிள்ளைக்கு அரசாங்கம் கடைசியில் ஒரு விசிலைக் கொடுத்தது. முப்பது வருடம் அதை ஊதினேன். சேரன்மகாதேவியிலிருந்து கூப்பிடு தூரத்தில், தாமிரபரணிக் கரையிலேயே எங்கள் ஊர். அப்பா அரிசி ஆலையில் எழுத்தர். வாரத்தில் ஆறு நாள் குனிந்த தலை நிமிராத மனிதர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தோளில் வீச்சுவலையைப் போட்டுக்கொண்டு ராஜநடை நடப்பார்.

வீச்சுவலையின் உயிர் அதன் விளிம்பில் இருக்கிறது. சுற்றிவர ஈயக்குண்டுகள் கட்டியிருந்தால்தான் வலை வட்டமாக விரிந்து, மீன் சுதாரிப்பதற்குள் அடியில் போய் உட்காரும். பாறையில் உரசி உரசிக் குண்டுகள் கழன்று விழுந்துகொண்டே இருக்கும் என்பதால் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். அப்பா லாரி பேட்டரிக் கடையில் பழைய தகடுகளை வாங்கி வந்து, வீட்டுப் பின்புறம் மூன்று கல் கூட்டி, இரும்புச் சட்டியில் உருக்குவார். மேலே சாம்பல் நிறத்தில் ஏடு படியும். அதை அவர் கரண்டியால் ஒதுக்கும்போது அடியில் ஒரு கண்ணாடி தெரியும். நானும் தம்பியும் எட்டிப் பார்த்து, எங்கள் மூஞ்சி உருகி நெளிவதைக் கண்டு சிரிப்போம். அந்த வாடை இப்போதும் எனக்குப் பிடிக்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மல்லிகையைவிடப் பிடிக்கும்.

உருகியதை ஈரமணலில் கோடு கிழித்து ஊற்றினால் நாடா நாடாவாக இறுகும். அதை நகத்தளவு துண்டுகளாக வெட்டி, வலையின் விளிம்புக் கயிற்றில் சுற்றி, கடித்து இறுக்க வேண்டும். ஆமாம், பல்லால்தான். குறடு வைத்து அமுக்கினால் கயிறு அறுந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பல்லுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியுமாம். பெரியவர்கள் பல்லெல்லாம் வெற்றிலையில் ஆட்டம் கண்டிருந்ததால் வேலை பிள்ளைகளுக்கு வந்தது. நான் மூன்று வயதில் கடிக்க ஆரம்பித்தேன் என்று அம்மா சொல்வாள். எனக்கு அது லேசாக இனித்ததாக ஞாபகம்.

பள்ளிக்கூடத்தில் நான் ஒரு தனி நோய். ஒரு இடத்தில் இருக்க மாட்டேன். படித்தது மறுநாள் நிற்காது. பக்கத்துப் பையன் நிம்மதியாக இருப்பதைப் பார்த்தால் அவன் மண்டையில் ஒன்று போடத் தோன்றும், போட்டும்விடுவேன். மூன்றாம் வகுப்பு வாத்தியார் ஒரு நாள் ஆற்றங்கரையில் அப்பாவை நிறுத்திவிட்டார். நான் வலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டேன்.

"அண்ணாச்சி, ஒம்ம மவன் லீவு போட்டா அன்னைக்கு எனக்குத் தீவாளி வே."

"வீட்லயும் அப்படித்தான் சார்வாள். வலைக்குக் குண்டு கடிக்கச் சொன்னா மட்டும் கம்முனு ஒரு எடத்துல இருக்கான்."

"அப்பம் அதையே நெறையக் குடும் வே. ஊராவது நல்லாருக்கும்."

வாத்தியாரே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அதன் பிறகு நான் ஆட்டம் போடும்போதெல்லாம் அப்பா ஒரு கைப்பிடி ஈயத் துண்டுகளை முன்னால் கொட்டுவார். நான் அடங்கிவிடுவேன். "எம்புள்ள பல்லு, குறடு தோத்துரும்லே" என்பார். என் வாழ்நாளில் அப்பா என்னைப் புகழ்ந்தது என் பல்லுக்காக மட்டும்தான். அந்தப் புகழ்ச்சிக்காக நான் இரும்பைக்கூடக் கடித்திருப்பேன்.

சாயங்காலம் ஆற்றுக்குப் போவோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று அப்பா உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி வீசுவார். வலை வானத்தில் ஒரு கணம் முழு வட்டமாக நிற்கும். பிறகு நான் கடித்த குண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும் சத்தம், கோடை மழையின் முதல் தூறல் மாதிரி. கெண்டையும் கெளுத்தியும் துள்ளும். ஆலையில் யாருக்கும் எதிர்வார்த்தை பேசாத மனிதர் அப்போது வாய்விட்டுச் சிரிப்பார்.

ஓய்வுபெற்றதும் நான் செய்த முதல் வேலை, பரணில் கிடந்த அந்த வலையை இறக்கியது. பாதிக் குண்டுகள் இல்லை. பேட்டரிக் கடை, மூன்று கல், இரும்புச் சட்டி என்று அப்பாவின் ஞாயிற்றுக்கிழமையை வாரத்தில் ஏழு நாளும் நடத்தினேன். மருமகன் மஸ்கட்டில். மகள் பாளையங்கோட்டையில் வங்கி வேலை. இரண்டரை வயதுப் பேரனை அவள் திங்கள் காலையில் எங்களிடம் விட்டுவிட்டு, சனி மாலையில் அழைத்துப் போவாள்.

பேரன் என்னை உரித்து வைத்திருந்தான். ஓட்டம், உருட்டல், கடி. ஒரு நாள் அவனைச் சமாளிக்க முடியாமல், ஈயத் துண்டுகளைப் பால் பவுடர் டப்பாவில் போட்டு அவன் கையில் கொடுத்தேன். குலுக்கினான், கொட்டினான், அள்ளினான். ஒன்றை வாயில் போட்டுக் கடைவாயால் கடித்தான். நான் அதைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இங்கன பாரு, எங்கப்பா வம்சம்."

"வம்சம் தொண்டையில சிக்கிரப் போவுது. பிடுங்குங்க" என்றாள். பிடுங்கினேன். மறுநாள் அவள் அடுப்படியில் இருக்கும்போது மறுபடியும் கொடுத்தேன். அதற்கு அடுத்த நாளும்.

நாலைந்து மாதத்தில் பையன் மாறினான். நாற்பது ஐம்பது வார்த்தை பேசிக்கொண்டிருந்தவன் பத்துக்கு வந்தான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. மண்ணைத் தின்றான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதான். பல் முளைக்கிறது என்றேன் நான். கண்ணேறு என்றாள் மனைவி. மகள்தான் மருத்துவரிடம் கூட்டிப் போனாள், நாங்களும் தொற்றிக்கொண்டோம்.

மருத்துவர் இளம் பெண். "வீட்ல யாரும் பேட்டரி வேலை, பெயிண்ட் வேலை பாக்காங்களா?" என்று கேட்டார்.

"நான் பென்சன் வாங்குற வேலை மட்டும்தாம்மா பாக்கேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் நகைச்சுவை உணர்வைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் உண்டு. இரத்தம் சென்னைக்குப் போய் வந்தது. அடுத்த முறை தாளைக் கையில் வைத்திருந்த மருத்துவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஈயம் பல மடங்கு கூடுதலாக இருந்தது.

"எங்கயோ இருந்து உள்ள போய்க்கிட்டே இருக்கு. ஈயத்தை உருக்குற மாதிரி ஏதாவது?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். மனைவிதான் சொன்னாள். "இவிய வலைக்கு உருக்குவாவல்லா."

மருத்துவர் பேனாவை மூடினார். "பெரியவங்க வயித்துக்குள்ள போனா பெரும்பகுதி வெளிய போயிரும். சின்னப் பிள்ளை உடம்பு இதைச் சுண்ணாம்புச் சத்துன்னு நம்பி உள்ள எடுத்துக்கும். மூளையில நரம்பெல்லாம் ஒண்ணுக்கொண்ணு கை கோக்குற வயசு சார் இது. அந்த எடத்துல போய் இது நிக்கும். பேச்சு, கவனம், கோவம், எல்லாத்துலயும் கை வைக்கும்."

எனக்கு மூன்றாம் வகுப்பு ஞாபகம் வந்தது. "நானும் மூணு வயசுலேருந்து கடிச்சவன்தாம்மா. அப்பம் எனக்குக் கணக்கு வராததுக்கும்..."

"நூறு பிள்ளைங்களைச் சேத்துப் பாத்தா வித்தியாசம் தெரியும். ஒரு ஆளைப் பாத்து, இது ஈயத்தால வந்ததுன்னு சொல்ல முடியாது."

"இவுக தம்பியும்தான் கடிச்சாவ. அவுக இன்ஜினியரு" என்றாள் மனைவி. ஒரு அறுபது வருடத்துச் சாக்கு ஒரு நிமிடம்கூடக் கையில் தங்கவில்லை.

"குழந்தை ஈயத்தை வாயில போட்டிருக்கானா? முழுங்கியிருப்பானா?" என்றார் மருத்துவர்.

மகள் என்னைப் பார்த்தாள். மனைவியும் பார்த்தாள். அவள் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், நான் பிடுங்கியதோடு அது முடிந்தது என்று நம்புகிறாள். "சேச்சே, தள்ளித்தான் உக்கார வைப்போம்" என்றேன். அப்படியானால் உருக்குவதை நிறுத்துங்கள், வீட்டை ஈரத்துணியால் துடையுங்கள், ஒரு மாதத்தில் மறுபடியும் பார்ப்போம் என்று மருத்துவர் சீட்டு எழுதினார்.

படிக்கட்டில் இறங்கும்போது பேரன் மகளின் தோளில் கிடந்து, என் பக்கம் பார்த்தபடி தன் சட்டைப் பொத்தானைக் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான். அழுத்தி, நிறுத்தி, பைய ஒரு திருப்புத் திருப்பி, மறுபடியும் அழுத்தி. அது எனக்குத் தெரிந்த கடி. டப்பாவில் இருந்ததை நான் ஒரு நாளும் எண்ணியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஏட்டி, நில்லு" என்றேன் மகளிடம். "உள்ள நான் பொய் சொல்லிட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். டப்பா, அது எத்தனை நாள் நடந்தது, நான் பெருமைப்பட்டது, எல்லாம். மகள் குரலை உயர்த்தவில்லை.

"எத்தன முழுங்கிருப்பான்?"

"தெரியல. எங்கப்பாவும் எனக்கு இப்படித்தான்..."

"தாத்தா தெரியாம குடுத்தாவ. நீங்களும் தெரியாமத்தான் குடுத்திய. டாக்டர்ட்ட பொய் சொன்னதும் தெரியாமத்தானாப்பா?"

கேட்டுவிட்டு அவள் பேரனோடு மறுபடியும் மருத்துவரிடம் படியேறினாள்.

எக்ஸ்ரேயில் பேரனின் சின்ன வயிறு மங்கலாகத் தெரிந்தது. அதன் அடிப்பக்கம் பளிச்சென்று இரண்டு வெள்ளைப் புள்ளிகள். இரைப்பையைத் தாண்டிக் குடலுக்கு இறங்கிவிட்டது, மருந்து கொடுத்து வெளியேற்றலாம் என்றார் மருத்துவர். "உள்ளேயே கெடந்து கரைஞ்சுக்கிட்டு இருந்திருக்கும். நல்லவேளை சொன்னீங்க" என்றார். நல்லவேளை என்ற சொல் அன்றைக்கு என் மேல் உட்கார மறுத்தது.

மருத்துவமனையில் சேர்த்தார்கள். வெளியே வருவதைத் தேடிப் பார்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு குச்சியோடு உட்கார்ந்தேன். வாழ்க்கையில் எந்தப் பாடத்தையும் நான் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. முதல் குண்டு அன்று சாயங்காலம் வந்தது. இரண்டாவது மறுநாள் மதியம். கழுவிப் பார்த்தபோது அதில் குட்டிப் பல்லின் தடம் இருந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "என்ன தாத்தா, வைரமா?" என்றாள். "அதைவிடக் கூட" என்றேன்.

மகள் பேரனைப் பாளையங்கோட்டையிலேயே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டாள். நான் வலையின் விளிம்புக் கயிற்றை முழுதாக அறுத்தெடுத்து, குண்டுகளோடு பேட்டரிக் கடையில் கொடுத்துவிட்டேன். பின்புறத்து மண்ணை ஒரு முழம் தோண்டி அகற்றி, சிமெண்ட் போட்டேன். தினமும் வீட்டை இரண்டு தடவை ஈரத்துணியால் துடைக்கிறேன். மனைவி இதை ரசிக்கிறாள், கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட ஒரே உதவி அதுதானாம். வாரத்துக்கு ஒரு தடவை கேப்பை மாவும் முருங்கைக்கீரையும் முட்டையும் எடுத்துக்கொண்டு பேருந்தில் போய்ப் பேரனைப் பார்த்து வருவேன். மகள் எதிரில் உட்கார்ந்திருப்பாள். நான் பரீட்சை எழுதுகிறவன் மாதிரி அவனோடு விளையாடுவேன்.

அடுத்தடுத்த பரிசோதனையில் ஈயம் இறங்கியது, மெதுவாகத்தான். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லாம் திரும்புமா என்று கேட்டேன். "நிறையப் பேசுங்க, கதை சொல்லுங்க, நல்லாச் சாப்பிடட்டும். மிச்சம் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியும்" என்றார் மருத்துவர். நான் இரவல் கேட்காமலே என்னிடம் தாராளமாக இருப்பது பேச்சு ஒன்றுதான். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்துப் போய்க் கொட்டினேன்.

அப்பா மேல் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று சில நாள் முயன்று பார்த்தேன். வரவில்லை. அந்தச் சட்டியின் சூட்டில் தம்பியும் நானும் அவரை ஒட்டி உட்கார்ந்திருந்த மத்தியானங்களைத் தவிர, அவரோடு எனக்கு வேறு மத்தியானங்கள் கிடையாது. அவற்றை எடுத்துவிட்டால் அப்பாவே இல்லை. அதனால் இரண்டையும் வைத்திருக்கிறேன்: அந்த வாடை பிடிக்கும் என்பதையும், அது என்ன செய்தது என்பதையும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகள் பேரனோடு இறங்கினாள், ஏழு மாதத்துக்குப் பிறகு. உள்ளே வந்து பின்புறம் வரை நடந்தாள். சிமெண்டைப் பார்த்தாள். பரண் மேல் பார்த்தாள். தரையில் விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தாள்.

"புதன்கிழமை எனக்கு மதுரையில மீட்டிங். காலையில கொண்டாந்து விட்டுட்டு, சாய்ந்தரமே வந்துருவேன்" என்றாள்.

"சரிம்மா."

"அவன் எதையாவது வாயில போட்டா?"

"எடுப்பேன். எடுத்துட்டு ஒனக்குப் போன் பண்ணுவேன்."

"சிரிச்சுக்கிட்டே சொல்லக்கூடாது."

"சிரிக்கல. என் மூஞ்சி அமைப்பே அப்படி."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. பேரனை என்னிடம் நீட்டினாள். நான் கையை நீட்டியதும் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கை கழுவினியளா?"

காலையிலிருந்து மூன்று தடவை கழுவியிருந்தேன். அதைச் சொல்லாமல் அடிபம்புக்குப் போய் நாலாவது தடவை சோப்புப் போட்டேன். பேரன் அம்மாவின் இடுப்பிலிருந்தபடியே, "தாத்தா, வெரசா" என்றான்.